பெண்கள் தடகளத்தில் பாலினப் பரிசோதனை நியாயமா? ஓடுகிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நான் வீராங்கனை அல்ல. சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து கிலோமீட்டர் ஓடுகிற, அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் அன்று முழுக்க வீட்டில் யாரையும் திட்டாத நடுத்தர வயதுப் பெண். என் பதிலை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. 800 மீட்டரில் ஆண்களின் உலகச் சாதனை டேவிட் ருடிஷாவின் 1:40.91. பெண்களில் யார்மிலா கிராடோச்விலோவா 1983-இல் ஓடிய 1:53.28 இன்னும் நிற்கிறது. அந்த வேகத்தில் இருவரையும் சேர்த்து ஓடவிட்டால், ருடிஷா முடிக்கும்போது அவர் 80 மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பார். எவ்வளவு பயிற்சி செய்தாலும் கடக்கக்கூடிய தூரமா இது? பருவ வயதில் ஆண்களின் உடலில் ஏறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செய்கிற வேலை. தனிப் பிரிவு என்று வைத்தபின், அதில் யார் ஓடலாம் என்று எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும்.

கிழித்த விதத்தில்தான் எனக்குக் கோபம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சவுந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2:03.16-இல் ஓடி வெள்ளி வென்றார். அடுத்து வந்த கஜகஸ்தான் வீராங்கனையின் நேரம் 2:03.19. அந்த 0.03 வினாடியில் வெள்ளியைத் தவறவிட்ட பெண்ணின் பக்கமும் நின்று பார்க்கிறேன். அவருக்கும் கேட்க நியாயம் இருந்திருக்கும். ஆனால் சாந்தி ஊக்கமருந்து எதையும் தொட்டவரில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். ஓடி முடித்தபின் சோதித்தார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவரின் அறைக்குள் இருந்திருக்க வேண்டிய விஷயம் தொலைக்காட்சிச் செய்தியாக ஊர் ஊராகப் போனது. பிற்பாடு அவரே செங்கல் சூளையில் கூலி வேலைக்குப் போனார்.

2014-இல் ஒடிசா ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த்தை, உடலில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கியபோது அவருக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015-இல் அந்த டெஸ்டோஸ்டிரோன் விதியை நிறுத்திவைத்தது. 2018 ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கினார். சாந்திக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

இப்போது விதி மிகவும் இறுகிவிட்டது. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஓட முடியாது என்று 2023-இல் உலகத் தடகள அமைப்பு முடிவெடுத்தது. சர்வதேச அளவில் இது எனக்குச் சம்மதமே. 2025 செப்டம்பரிலிருந்து, பொதுவாக ஆண்களின் ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு உண்டா என்று பார்க்கும் சோதனையும் வந்துவிட்டது; கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவியோ ரத்தம் எடுத்தோ, வாழ்நாளில் ஒரு முறை. இங்கேதான் தடுமாறுகிறேன். பெண்ணாகவே பிறந்து வளர்ந்து, தன் உடம்பில் என்ன இருக்கிறது என்றே அறியாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த முடிவை யார், எந்த அறையில், யாரை உடன் வைத்துக்கொண்டு சொல்வார்கள்? சோதிப்பதானால் அவள் வாழ்க்கையையே ஓட்டத்தில் கட்டிக்கொள்ளும் முன்பே, ரகசியமாகச் சோதியுங்கள். மாவட்டப் போட்டியில், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், குரல் தடித்திருக்கிறது என்று எதிரணிப் பயிற்சியாளர் கை நீட்டும் வழக்கத்துக்கு மட்டும் இதைச் சாக்காக்காதீர்கள்.

எங்களைப் போன்றவர்கள் ஓடும் பந்தயங்களுக்கு இது எதுவுமே வேண்டாம். இங்கே நடக்கிற ஏமாற்று வேறு வகை. மனைவி பெயரில் பதிவு செய்த பிப்பை, அதாவது மார்பில் குத்தும் எண் அட்டையை, கணவர் குத்திக்கொண்டு ஓடுவார். பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப் அவருடைய நேரத்தை மனைவியின் கணக்கில் எழுதிவிடும். பெண்கள் 45 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் என் தோழி மூன்றாவதாக வந்தும் மேடைக்கு அழைக்கப்படாமல் நின்றது இப்படித்தான். முடிவுக்கோட்டில் எடுத்த புகைப்படங்களை மாலையில் தேடினால், இரண்டாம் பரிசுக்குரிய பிப் எண்ணோடு நல்ல அடர்ந்த மீசை வைத்த ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு வருகிறார். படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினோம். நெடுநாள் கழித்து கூரியரில் கோப்பை வந்தது, ஒரு வரி மன்னிப்புகூட இல்லாமல்.