ஒளிப்படக் கேள்வி–பதில்: ஏரிக்கரையில் சிவக்கும் இலைகள்

கேள்வி: பாரூர் பெரிய ஏரிக்கரையில் வாதுமை மரம் ஒன்று தை மாதக் கடைசியில் செக்கச் சிவந்து நின்றது. நேரில் கண்ட அழகு படத்தில் வரவில்லை. சிவப்பு ஒரே பூச்சாகத் தெரிகிறது. தண்ணீர் வெளுத்துக் கிடக்கிறது. கணினியில் நிறத்தைக் கூட்டினால் புல்லும் காய்ந்தது போலாகிவிடுகிறது. வெளிநாட்டு இலையுதிர்காலப் படங்களைப் போல எடுக்க என்ன செய்வது?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: சிவப்பு பூச்சாகத் தெரிவது கணினியில் நேர்ந்த குறை அன்று, பெரும்பாலும் படமெடுக்கும்போதே நேர்ந்துவிடுவது. கேமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. வெயில் விழும் வாதுமை இலையில் சிவப்பு மட்டும் உச்சத்தை எட்டிவிட, மற்ற இரண்டும் தாழ்வாகவே இருக்கும். மூன்றையும் கலந்து காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) இது தெரியாது. ஆனால் நடுநரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும், இலை விளிம்பில் எஞ்சிய பச்சையும், பூச்சி அரித்த ஓட்டையைச் சுற்றியுள்ள பழுப்பு வளையமும் அந்தச் சிவப்புக்குள் மூழ்கிப்போகும். ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியைக் குறைத்து, ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப்பதிவாக) எடுங்கள். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் ஒளியைப் பாதியாக்குவது. பெரும்பாலும் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தாலே போதும். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா காலை வெயிலின் பொன்னிறத்தைப் பிழையென்று எண்ணித் திருத்திவிடும். பகல் வெளிச்சத்துக்குரிய 5,500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீரின் வெளுப்புக்கு, லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் போலரைசர் பில்டர் உதவும். இலைகளின் மேல் படியும் வானத்தின் பளபளப்பையும் அதுவே நீக்குவதால், இலையின் உண்மையான நிறம் வெளிப்படும். ஆயினும் நீர்நிலையில் அதைக் கவனமாகக் கையாள வேண்டும். நீர்ப்பரப்புக்கு ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் அதன் வலிமை மிகுதி. கரைமேல் நின்று பார்த்தால், அருகிலுள்ள தண்ணீரில் பாசியும் கல்லும் தெரியத் தொடங்கும். எதிர்க்கரையை ஒட்டிய நீரோ கண்ணாடியாகவே இருக்கும். அகன்ற லென்ஸில் இவ்விரண்டும் ஒரே படத்தில் விழுந்தால் ஏரி இரண்டு துண்டாகத் தோன்றும். மரத்தின் நிழலுருவம் நீரில் வேண்டுமென்றால் பில்டரைப் பாதி மட்டும் திருப்புங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் குடித்துவிடும் என்பதால் முக்காலி அவசியம். காற்று எழுமுன், விடிந்த கையோடு எடுத்துவிடுவதே நல்லது.

இனி கணினி வேலை. சாச்சுரேஷன் எல்லா நிறங்களையும் ஒருசேரத் தூக்கும். ஏற்கெனவே நிறைந்த சிவப்புக்கு அது கேடு. வைப்ரன்ஸ் மங்கிய நிறங்களையே அதிகம் உயர்த்தும் என்பதால் அதைச் சிறிதளவு கூட்டி, சிவப்பு, ஆரஞ்சு ஆகியவற்றின் லூமினன்ஸை, அதாவது ஒளிர்வைச் சற்றுக் குறையுங்கள். இலை நரம்புகள் மீண்டும் தெளியும். புல் காய்ந்தது போலாவதற்குக் காரணம், நம் கண்ணுக்குப் பச்சையாகப்படும் புல், கோரை, கருவேல இலை ஆகியவற்றில் பெரும்பகுதியை மென்பொருள் மஞ்சள் என்றே கணக்கிடுவதுதான். மரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தினால் புல் தப்பிக்கும். அப்போது நீரிலுள்ள நிழலுருவத்தையும் மறவாமல் சேர்த்துத் திருத்துங்கள். கரையில் சிவந்த மரமும் தண்ணீரில் மங்கிய மரமுமாக நிற்கும் படம் பார்த்தவுடன் பொய் சொல்லும். நிழலுருவம் மரத்தைவிடச் சற்று இருண்டிருப்பதே இயல்பு.

வெளிநாட்டுப் படங்களைப் போல என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே மலைச்சரிவே நிறம் மாறுகிறது. பச்சைக் கோரைக்கும் கருவேலத்துக்கும் நடுவே ஒரே ஒரு மரம் சிவந்து நிற்பதுதான் நம் ஏரியின் காட்சி. அந்தப் பச்சையை ஆரஞ்சாக்கினால் பாரூர் ஏரி படத்திலிருந்து காணாமல் போய்விடும். அதைச் செய்யாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் எந்த மாதம், எந்த மரங்களைத் தேடிச் செல்லலாம்?
– வாசகி, பென்னாகரம்

பதில்: குளிர்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் ஏறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையின் பச்சையம் சிதைந்து, உள்ளேயிருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன, சில மரங்கள் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமியைப் புதிதாக உண்டாக்குகின்றன. நம் பக்கத்தில் இலையை உதிர்ப்பது பெரும்பாலும் வறட்சி. எனவே தை முதல் பங்குனி வரை காத்திருங்கள். முதலில் வாதுமை சிவக்கும். மாசியில் புங்கன் இலையுதிர்த்து, அடுத்தே பளபளக்கும் இளம்பச்சையில் தளிர்க்கும். இலையில்லாக் கிளைகளில் புரசு தீயாகப் பூப்பதும் அந்தப் பருவத்தில்தான். அரசமரத் தளிரின் செம்பு நிறம் சில நாள்களே நிற்கும், மாந்தளிரும் அப்படியே. அவை வெயிலுக்கு எதிர்முகமாக, ஒளி இலையை ஊடுருவும்படி எடுக்க வேண்டியவை. ஒகேனக்கல்லில் காவிரிக்கரை நீர்மருதுகளின் வெளிறிய, வழுவழுப்பான அடிமரமே இலையைவிட நல்ல படம் தரும் என்பது என் எண்ணம்.

கேள்வி: திரையில் ஒளிரும் ஆரஞ்சு, அச்சில் மங்கிவிடுவது ஏன்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகமோ நான்கு மைகளைக் கொண்டு. பளிச்சென்ற ஆரஞ்சை அந்த மைகளால் முழுமையாக எட்ட முடியாது. மென்பொருளிலுள்ள அச்சு முன்னோட்டத்தில் பார்த்து, மங்கும் இடங்களில் நிறத்தைக் கூட்டாமல் சுற்றியுள்ள நிழலைச் சற்று ஆழமாக்குங்கள். கைப்பேசியில் பகிர்வதற்கு எஸ்ஆர்ஜிபி என்னும், திரைகளுக்குரிய பொது நிற வடிவில் தனிப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.