பிறையும் பறுவமும்: கேட்டதும் சொன்னதும்

நிலாவைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. நெடுங்காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. விருப்பமான வேலை.

களுவாஞ்சிகுடி, தரம் 9 மாணவி: சேர், பூமியின் நிழல் விழுவதால்தானே நிலா தேய்கிறது?

இல்லை மகள். இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே போய்விடும். நிலாவில் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. அந்த வெயில் பாதி சில நாள் முழுதாக நம் பக்கம் திரும்பியிருக்கும், சில நாள் ஓரம் மட்டும் தெரியும், அமாவாசையில் தெரியவே தெரியாது.

பறுவம், அதாவது முழுநிலா நாள், கழிந்து ஏழெட்டு நாளில், காலை எட்டு மணிபோல முற்றத்துக்கு வந்து பார். மேற்கே சாய்ந்த அரை நிலா வெளிறித் தெரியும். ஒரு தேசிக்காயை எடுத்துக் கையை நீட்டி, நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வெயிலில் பிடி. தேசிக்காயில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, நிலாவிலும் அதே பக்கம், அதே அளவு. அந்த நேரம் சூரியனும் வானத்தில், நிலாவும் வானத்தில், பூமி நம் காலுக்குக் கீழே. நிழல் எங்கிருந்து வரும்?

அதே மாணவி: அப்ப கிரகணம்?

அது நிழல்தான். சந்திர கிரகணம் பறுவத்தில் மட்டுமே வரும். ஒவ்வொரு பறுவத்திலும் வராததற்குக் காரணம், பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பது. வானத்தில் நிலாவின் அகலமே அரைப் பாகைதான், அதனால் பெரும்பாலான பறுவங்களில் அது நிழலுக்கு மேலாலோ கீழாலோ தப்பிப் போய்விடும். 2025 செப்டெம்பர் 7 இரவு தப்பவில்லை. நம் நேரம் 11 மணியிலிருந்து 82 நிமிடம் முழுதாக நிழலுக்குள் நின்றது.

சம்மாந்துறை விவசாயி: பிறையின் எந்தக் கொம்பு உயர்ந்திருக்கிறது என்று பார்த்து எங்கள் வாப்பா மழை சொல்வார். நம்பலாமா?

கொம்பு சாய்வது உண்மை காக்கா, மழைக்கும் அதற்கும்தான் தொடர்பில்லை. பிறையின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்கும். நாம் மத்திய கோட்டுக்கு ஏழெட்டுப் பாகை வடக்கே இருக்கிறோம், இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்கீழாக இறங்கும். அதனால்தான் நம் பிறை மல்லாந்து கிடக்கிறது. புத்தகப் படங்களில் நிமிர்ந்து நிற்பது ஐரோப்பா போன்ற வடநாட்டுப் பிறை.

பருவகாலத்தோடு சாய்வும் மாறும். மார்ச் மாலைகளில் பெரும்பாலும் தென்கொம்பு சற்று உயரும், செப்டெம்பரில் வடகொம்பு நன்றாகவே உயரும். பெரும்போக விதைப்புக்கு முன் நீங்கள் பார்க்கிற பிறை அதுதான். வெள்ளம் வந்த வருடமும் வடகொம்புதான் உயர்ந்திருந்தது, வானம் ஏமாற்றிய வருடமும் அப்படித்தான். தயவுசெய்து கொம்பை நம்பி விதைப்பு நாள் வைக்கவேண்டாம். விதைநெல்லும் உழைப்பும் சும்மா வருவதில்லை.

கல்லடி, ஓர் அக்கா: பறுவ நிலா கடலிலிருந்து எழும்புகிறது. மூன்றாம் பிறையை ஏன் கடல்பக்கம் காணமுடியவில்லை?

திரும்பி வாவிப் பக்கம் பாருங்கள் அக்கா. வளர்பிறை சூரியனை ஒட்டியே போகும், சூரியன் அந்தப் பக்கம்தானே மறைகிறது. பறுவ நிலா சூரியனுக்கு நேரெதிர், அதனால் அது கடலில். தேய்பிறையின் கடைசிப் பிறையைக் கடலில் பார்க்கவேண்டுமென்றால் விடியமுன் எழும்பவேண்டும். அப்புறம், எழும்பும் நிலா பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம். உச்சிக்கு வரும்போதுதான் அது நமக்குச் சுமார் 6,000 கிலோமீற்றர் கிட்ட வருகிறது.

பொத்துவில்: நிலாவின் மறுபக்கம் நிரந்தர இருட்டா?

இல்லை. நிலா தன்னைத்தானே ஒருமுறை சுற்றவும் பூமியை ஒருமுறை சுற்றவும் ஒரே காலம் எடுப்பதால் நமக்கு அந்தப் பக்கம் தெரிவதில்லை, அவ்வளவுதான். வெயில் அங்கேயும் அடிக்கும். 1959இல் சோவியத்தின் லூனா 3 அதைப் படமெடுத்தது, 2019இல் சீனாவின் சாங்கே 4 அங்கேயே இறங்கியது.

திருக்கோவில்: நட்சத்திரம் 27. பறுவத்துக்குப் பறுவம் 29 அரை நாள். எது சரி?

இரண்டும் சரி. நிலா ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.3 நாள். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 27 பாகை நகர்ந்துவிடும். பறுவம் என்றால் சூரியனுக்கு எதிரே வந்து நிற்கவேண்டுமே, அந்த மீதித் தூரத்துக்கு இன்னும் இரண்டு நாளுக்குச் சற்று மேல் பிடிக்கிறது. அதனால்தான் ஒரு பறுவம் சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி வந்தால், அடுத்தது விசாகத்தை ஒட்டி வருகிறது.