பெட்டியின் சாவி யாரிடம்?

விளையாட்டில் பாதுகாப்பு பற்றிப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் மன்றப் பொறுப்பாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: 13 வயது மகன் கால்பந்து ஆட்டத்தில் இன்னொரு பையனோடு தலை முட்டி விழுந்தான். மயக்கம் இல்லை. பயிற்சியாளர் பத்து நிமிடம் உட்காரவைத்து, "சரியாயிட்டியா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றதும் திரும்ப இறக்கிவிட்டார். இரவு தலைவலி. செய்தது சரிதானா?

இல்லை. கேட்ட விதத்திலேயே தவறு தொடங்கிவிட்டது. "சரியாயிட்டியா?" என்று கேட்டால் ஆட ஆசைப்படும் எந்தப் பிள்ளையும் "ஆமாம்" என்றுதான் சொல்லும். கேட்க வேண்டியவை வேறு. இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசி கோலை அடித்தது யார்? போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா? ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்னாலும், தலைவலியோ கிறுகிறுப்போ குமட்டலோ வெளிச்சம் கூசுவதோ இருந்தால் அப்போதும் முடிந்ததுதான். மூளை அதிர்ச்சியோ (தலையில் பட்ட அடியால் மூளை குலுங்கி அதன் வேலை தடுமாறுவது) என்ற சந்தேகம் இருந்தாலே வெளியே. அதே நாளில் திரும்ப இறக்குவது என்ற பேச்சே கிடையாது.

மயக்கம் போடவில்லை என்பதை ஆறுதலாகச் சொல்வது வழக்கம். மூளை அதிர்ச்சி கண்டவர்களில் நினைவு தப்புகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதும் அப்படித்தான்: ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், மூளை அதிர்ச்சியைக் காட்டாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது.

மறுபடி அடி பட்டால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய பயம். முதல் அடியிலிருந்து தேறாத மூளையில் சின்ன அடி விழுந்தாலும் கடுமையாக வீங்கிவிடக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் இளம் வயதினருக்கு வருகிறது, உயிரையும் எடுக்கிறது.

இனி செய்ய வேண்டியது. மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழ மறுத்தாலோ, வலிப்பு, கழுத்துவலி, கை கால் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை என்று ஏதாவது வந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இவை இல்லையென்றால் முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. இருட்டறையில் அடைத்துவைப்பது பழைய முறை, அது இப்போது இல்லை. வீட்டுக்குள் நடக்கலாம், சின்ன வேலை செய்யலாம். போன், டிவி மட்டும் குறையட்டும்.

பிறகு ஆறு படி: அன்றாட வேலைகள், மெதுவான நடை அல்லது நிலைமிதிவண்டி, தனியாக ஓட்டமும் பந்துப் பயிற்சியும், மோதல் இல்லாத குழுப் பயிற்சி, மருத்துவர் சம்மதித்த பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். முதல் மூன்று படிகளில் தலைவலி பத்துக்கு இரண்டு புள்ளி வரை கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பொருட்படுத்த வேண்டாம். அதைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். படிப்பு முழுதாகத் திரும்பிய பிறகே போட்டி. 2023-ல் பிரிட்டன் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், அடிமட்ட விளையாட்டில் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக்கூடாது என்கிறது. தனக்கென்று மருத்துவர் இல்லாத எந்த மன்றத்துக்கும் நாங்கள் சிபாரிசு செய்வது இந்தக் கணக்கைத்தான்.

அந்தப் பயிற்சியாளர் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெயிக்க வேண்டியவரிடமே வெளியேற்றும் அதிகாரத்தையும் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும். கிரிக்கெட்டில் ஐ.சி.சி. 2019-ல் மூளை அதிர்ச்சிக்கு மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது. அந்த ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதில் மார்னஸ் லபுஷேன் இறங்கினார். அணி ஒரு ஆளை இழக்காது என்றானதும் "இன்னும் ரெண்டு ஓவர் தாங்கு" என்ற நெருக்கடி பாதி குறைந்தது. உங்கள் மன்றத்தில் அணித் தேர்வில் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு, பெற்றோர் ஒருவரானாலும் சரி, "இவன் வெளியே" என்று சொல்லும் உரிமையை எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: நன்கொடை திரட்டி ஏ.இ.டி. கருவி (இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது) வாங்கிவிட்டோம். அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வேறு என்ன செய்ய வேண்டும்?

அலமாரியில் "பத்திரமாக" இருப்பதுதான் கவலை. ஒரு பரிசோதனை செய்யுங்கள். மைதானத்தின் தூரக் கோடியில் ஒருவரைப் படுக்கவையுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். கருவி அவர் நெஞ்சருகே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் தாமதிப்பது தூரம் அல்ல, பூட்டுதான். சாவி வைத்திருப்பவர் அன்று வெளியூர் போயிருப்பார். ஆட்டம் நடக்கும்போதெல்லாம் பெட்டி பூட்டில்லாமல் கோட்டோரத்தில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் நுழையும் கேட்டுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இதயம் நின்றவருக்கு எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்தபோது நெஞ்சழுத்தமும் கருவியும் உடனே கிடைத்தன. அடுத்த ஆண்டே அவர் மைதானத்துக்குத் திரும்பினார்.

யாரும் இடிக்காமல் ஒரு வீரர் விழுந்து அசைவின்றிக் கிடந்தால், வேறு காரணம் தெரியும்வரை இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றும் அடையாளங்கள் இரண்டு உண்டு. முதல் சில நொடிகள் கை கால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்துக் காத்திருப்பார்கள். இன்னொன்று, கரையில் போட்ட மீன் போல இடைவெளி விட்டு வாய் திறந்து திணறுவது. மூச்சு இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அது மூச்சு அல்ல. அழைத்தால் பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் ஒருவர் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும், ஒருவர் கருவிக்கு ஓட வேண்டும், ஒருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். கருவி வந்ததும் பட்டைகளை ஒட்டுங்கள்: ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில். ஒட்டும்போதும் அழுத்துவது நிற்கக்கூடாது. வியர்வையில் நனைந்த நெஞ்சிலும் முடி அடர்ந்த நெஞ்சிலும் பட்டை ஒட்டாது. அதனால் பெட்டிக்குள் ஒரு துண்டு, ஒரு சவரக்கத்தி, சட்டையை வெட்டக் கத்தரிக்கோல் மூன்றும் இருக்கட்டும். பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. மாதம் ஒருமுறை தேதியையும் தயார்நிலை விளக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: மகளின் நீச்சல் பயிற்சியாளர் அவளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறார். எல்லாம் பயிற்சி பற்றித்தான். வேண்டாம் என்று சொன்னால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகாதா?

அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் விதி இருக்க வேண்டும் என்கிறோம். 18 வயதுக்குட்பட்டவருக்கு எந்தப் பெரியவரும் தனியாக மெசேஜ் அனுப்பக்கூடாது, பெற்றோர் அல்லது இன்னொரு பொறுப்பாளர் இருக்கும் குழுவில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று மன்றம் பொதுவாக எழுதிவைத்துவிட்டால், நீங்கள் யார் மேலும் விரல் நீட்ட வேண்டியதில்லை. நேர்மையான பயிற்சியாளருக்கும் அதுவே கவசம். இதே அளவுகோல் மற்றதற்கும் பொருந்தும்: பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டும் காரில் போவது, கதவு சாத்திய அறையில் மசாஜ், வெளியூர்ப் போட்டியில் ஒரே அறை, உடை மாற்றும் அறையில் போன். எங்கேயும் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் தனித்து இருக்கக்கூடாது, இன்னொருவர் பார்வையில் இருக்க வேண்டும்.

தவறான நோக்கம் உள்ளவர் முதலில் பிடிப்பது பெரும்பாலும் பெற்றோரின் நம்பிக்கையைத்தான். தனிச் சலுகை, பரிசு, "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்ற சின்ன ரகசியம், பிறகு தொடுவதில் எல்லை கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் 2018 ஜனவரியில் தண்டனை விதிக்கப்படும் முன் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் பேசினார்கள். 1990-களின் இறுதியிலேயே பெரியவர்களிடம் சொன்ன சிறுமிகள் இருந்தார்கள். சொன்னது போய்ச்சேர ஒரு வழி இல்லை என்பதுதான் அங்கே உடைந்த இடம்.

ஆகவே தேர்விலும் பயிற்சியிலும் பங்கில்லாத ஒருவர் குழந்தைகள் பாதுகாப்புப் பொறுப்பாளராக வேண்டும். அவர் எண் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று பதிலை ஊட்டும் கேள்வி வேண்டாம், "அப்புறம் என்ன நடந்தது?" போதும். பிள்ளை சொன்ன வார்த்தைகளையே, தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் நேரே காவல்துறை. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கும் வேலையை மன்றம் செய்யக்கூடாது. ஆதாரம் அழிவதும் பிள்ளை மிரட்டப்படுவதும் அந்த "சமாதானப் பேச்சில்"தான்.

கேள்வி: கடும் வெயிலில் பயிற்சி. நிறையத் தண்ணீர் குடித்தால் போதுமா?

போதாது. அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகலாம். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் முழு வேகப் பயிற்சி வைப்பதுதான் வழக்கமான தவறு. ஓடிக்கொண்டிருந்தவர் குளறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். நெற்றியில் வைக்கும் வெப்பமானியும் குறைத்தே காட்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு இறக்கி, தலையைத் தாங்கிப் பிடித்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். அரை மணிக்குள் உடல் சூடு இறங்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு, சூடானதும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: மாநில அளவில் ஓடுகிறேன். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், சளிக்கு மருந்துக்கடை மாத்திரை. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குவேனா?

சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக்கூடாது. ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் வரும் இன்ஹேலர் என்றால் 8 மணி நேரத்துக்கு ஆறு அழுத்தம். டெர்பியூட்டலின் என்ற இன்னொரு ஆஸ்துமா மருந்து என்றால் கதை வேறு. இன்ஹேலரானாலும் முன்கூட்டியே சிகிச்சை விலக்கு அனுமதி வேண்டும், போட்டிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். பல சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டிக் காலத்தில் வரம்புக்கு உட்பட்டது. போட்டிக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள்.

"எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையதே. தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கப்படுகிறது, போன வருடம் கேட்டது இந்த வருடம் செல்லாது. எங்களுக்கு மருந்துக்கடையைவிடப் பெரிய பயம், ஜிம்மில் யாரோ அன்பாகக் கொடுக்கும் புரோட்டீன் டப்பா. லேபிளில் இல்லாதது உள்ளே இருக்கலாம்.

கேள்வி: எங்கள் 16 வயது நடுவர் பெற்றோர்களின் திட்டைக் கேட்டு விலகிவிட்டார். பெரியவர்களை எப்படி அடக்குவது?

அடுத்த ஆட்டத்தில் அவர் தனியாக நிற்கக்கூடாது. கோட்டோரத்தில் அடையாள அங்கியோடு மன்றத்தின் ஆள் ஒருவர் இருக்கட்டும். முதல் கத்தலுக்கு நடுவர் அல்ல, அவர் போய்ப் பேச வேண்டும். நிற்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்தலாம். பார்வையாளர் கயிற்றைக் கோட்டிலிருந்து சில அடி தள்ளிக் கட்டுங்கள். காதருகே கத்துவது அதிலேயே குறையும். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் பேசலாம் என்று வைத்தார்கள். அதைச் சிறுவர் ஆட்டத்திலும் வைக்கலாம், செலவே இல்லை. விலகிய பையனை ஒருமுறை நேரில் போய்க் கூப்பிடுங்கள்.

கேள்வி: நகர்த்தக்கூடிய கோல் கம்பத்தில் பிள்ளைகள் தொங்குகிறார்கள். கனமாகத்தானே இருக்கிறது, சாயுமா?

சாயும். எடையில் பெரும்பகுதி முன்பக்கத்தில் இருப்பதால் ஒரு பிள்ளை தொங்கினாலே முன்னால் கவிழும். கனமாக இருப்பதால்தான் கொல்லவும் செய்கிறது. பல நாடுகளில் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். பின் சட்டத்தை ஆணி நங்கூரத்தால் தரையோடு இறுக்குங்கள். தரை கெட்டி என்றால் மணல் மூட்டையோ எடைக்கட்டையோ போடுங்கள், செங்கல் போதாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் நடுவர் குறுக்குக் கம்பத்தைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்கட்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு பக்கத்துக் கோல் சட்டங்களையும் முகத்தோடு முகம் வைத்துச் சங்கிலி போடுங்கள். அந்தச் சாவி மட்டும் பூட்டியே இருக்கலாம்.