தொப்பூர் கணவாயில் ஏன் இத்தனை விபத்து? அங்கே அடிபட்ட லாரியைச் சரிசெய்ய உண்மையில் எவ்வளவு ஆகும்?

"வளைவு சரியில்லை" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வண்டி கவிழ்வது வளைவில்தான், அதனால் அப்படித் தோன்றும். ஆனால் தொப்பூரில் விபத்து ஆரம்பிப்பது வளைவுக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் முன்னால், மலை உச்சியில், டிரைவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுகிற இடத்தில். எங்கள் குடும்பத்துக்குச் சங்ககிரியில் லாரித் தொழில். அப்பா வெகுகாலம் ஸ்டியரிங் பிடித்தவர். இப்போது வண்டிப் பராமரிப்பு, இன்சூரன்ஸ், பட்டறைக் கணக்கு எல்லாம் நான் பார்க்கிறேன். அதனால் உங்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்ல முடியும். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான்.

ஊர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44, அதாவது நாங்கள் இன்னும் பழக்கத்தில் என்.எச். ஏழு என்று சொல்கிற ரோடு, தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் ஒரு மலையை விட்டு இறங்குகிறது. பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம், ஆஞ்சநேயர் கோயில் என்று அந்த இடங்களின் பெயரை நீங்கள் விபத்துச் செய்திகளில்தான் படித்திருப்பீர்கள். வடக்கே இருந்தும் பெங்களூரிலிருந்தும் கோவை, கேரளா, மதுரை போகிற லோடு வண்டிகளில் பெரும்பகுதி இந்த இறக்கத்தில்தான் இறங்கியாக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அதே மலையில், பக்கத்திலேயே, சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஏறுகிற பாதையும் இருக்கிறது. அதுவும் வளைந்து வளைந்துதான் போகிறது. ஆனால் பெரிய விபத்துகள் எல்லாம் இறங்குகிற பக்கத்தில்தான். 2020 டிசம்பர் 12-ம் தேதி சிமெண்ட் ஏற்றி வந்த லாரி, முன்னால் நின்றிருந்த வண்டிகள் மேல் மோதி, பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கி, 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ம் தேதி நடந்ததை எல்லோரும் கண்காணிப்புக் கேமரா வீடியோவில் பார்த்தோம். வேகமாக வந்த லாரி முன்னால் போன லாரியில் மோத, நடுவே சிக்கிய கார் நசுங்கித் தீப்பிடித்தது. அதிலும் 4 உயிர். இரண்டிலும் இடித்தது இறக்கத்தில் வந்த வண்டி.

புனேயில் நவலே பாலம் என்று ஒன்று உண்டு. காத்ரஜ் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் நீளமான இறக்கம், அதன் முடிவில் அந்தப் பாலம். 2022 நவம்பர் 20-ம் தேதி ஒரு கனரக வண்டி கட்டுப்பாட்டை இழந்து ஏராளமான வண்டிகள் சேதமாயின. அங்கே தொப்பூர் மாதிரி மலை வளைவுகள் கிடையாது. நீண்ட இறக்கமும், நியூட்ரலில் விடுகிற பழக்கமும்தான் இரண்டு இடத்துக்கும் பொது.

நியூட்ரலில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். 12 சக்கர லாரி லோடோடு 35 டன் வரை இருக்கலாம். அது உயரத்தில் 100 மீட்டர் கீழே இறங்கினால், அதன் வேகம் கூடாமல் பிடித்து வைக்க, 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவுச் சூட்டை எங்கேயாவது கழிக்க வேண்டும். கியரில் இருந்தால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். இன்ஜின் புகை போகிற வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் இன்னும் நன்றாகவே பிடிக்கும். நியூட்ரலில் போட்டால் மொத்தச் சூடும் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம்முக்கும், அதை உரசிப் பிடிக்கிற லைனருக்கும்தான். டிரம் சூடேறி விரிகிறது, லைனர் பிடிமானம் இழக்கிறது. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது, டிரைவர் பிரேக்கை அடிக்க அடிக்க அந்தக் காற்று செலவாகிறது. இன்ஜின் வெறும் ஐடிலில் ஓடுவதால் கம்ப்ரசர் அதை ஈடுகட்டுகிற வேகத்தில் நிரப்பாது. டிரைவர்கள் "ஏர் இறங்கிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். அந்த வேகத்தில் திரும்பக் கியருக்குள் போடலாம் என்றால் கியர் உள்ளே விழாது. அதற்குப் பிறகு வருகிற வளைவு எந்த வளைவாக இருந்தாலும் ஆபத்துதான். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளியே தள்ளுகிற விசை நான்கு மடங்கு. மேலே உயரமாகச் சுமை ஏற்றிய வண்டி சறுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடும்.

எங்கள் வண்டி ஒன்றுக்கே அங்கே அடி விழுந்தது. ஓட்டியவர் அப்பாவிடம் தொழில் கற்றவர். "எந்தக் கியர்ல மேடு ஏறுவியோ அந்தக் கியர்ல இறங்கு" என்பதுதான் அப்பா அவருக்குச் சொன்ன முதல் பாடம். அன்றைக்கும் அவர் இரண்டாவது கியரில், இடது ஓரமாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார். போனில் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "பின்னால ஒருத்தரு ஹாரனை எடுக்காம அடிச்சுக்கிட்டே வந்தாருங்க. லைட்டும் போட்டுட்டாரு. பிரேக் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒதுங்க எடம் இல்லீங்க." அந்த லாரி எங்கள் வண்டியின் பின்பக்க வலது மூலையில் இடித்து, எங்கள் வண்டியை இடது பக்கத் தடுப்பில் அழுத்திவிட்டு, தான் மீடியனில் ஏறிக் கவிழ்ந்தது. இரண்டு டிரைவர்களும் பிழைத்தார்கள். அந்த ஊர்ச் சாமிக்கு நாங்கள் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கவிழ்ந்த வண்டியின் சக்கரங்கள் மேலே தெரிந்தன. டிரம் விளிம்பில் நீலம் பூத்திருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வருவதென்றால் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்று பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். லைனர் கருகிய நாற்றம் அத்தனை நேரம் கழித்தும் அங்கே நின்றது. அந்த டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்து, காலை வைத்து பிரேக் மிதிக்கிற மாதிரி தரையை மிதித்துக்கொண்டே இருந்தார். என்ன கேட்டாலும் பதில் இல்லை.

இனி செலவு. "இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வதில் என்னென்ன இல்லை என்பது அடிபட்ட பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

முதல் செலவு கிரேன். வழக்கமான பாலிசியில் வணிக வாகனத்தை அப்புறப்படுத்த 2,500 ரூபாய்தான் வரம்பு. கணவாயில் லோடோடு சாய்ந்த லாரியைத் தூக்க இரண்டு கிரேன் வந்தால் அந்தக் காசு எந்த மூலைக்கு? சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுகிற கூலியும் நம் தலையில்தான். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற சர்வேயர் விபத்து இடத்திலேயே வந்து சேதத்தைப் பார்க்கிற ஸ்பாட் சர்வே முடியும்வரை வண்டியைப் பிரிக்கக் கூடாது, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கும்வரை போலீஸ் விடாது.

அடுத்தது தேய்மானம். ஒரு பேச்சுக்கு, ஆறு வருட வண்டிக்குப் பட்டறையில் 4 லட்சம் எஸ்டிமேட் போடுகிறார்கள் என்று வையுங்கள். அதில் இரும்புச் சாமான் 2 லட்சம், பிளாஸ்டிக்கும் ரப்பரும் 40,000, கண்ணாடி 15,000, மீதி 1,45,000 கூலியும் பெயிண்டும். ஐந்து வருடம் தாண்டிப் பத்துக்குள் இருக்கிற வண்டிக்கு இரும்புச் சாமானில் 40 சதவீதம் கழிப்பார்கள். 80,000 போயிற்று. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வயசே பார்க்காமல் பாதி. அதில் 20,000. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ஆக, சர்வேயர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாலும் ஒரு லட்சம் உங்கள் கைக்காசு. பெயிண்டில் ஒரு பகுதியும், ஒவ்வொரு கிளைமுக்கும் உள்ள கட்டாயக் கழிவும் அதற்கு மேல். சர்வேயர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது தனி. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைப் பெண்டு எடுத்தால் போதும் என்பார் அவர், மாற்ற வேண்டும் என்பார் மேஸ்திரி. இந்த இழுபறி முடியாமல் வண்டி பட்டறையில் நின்றுகொண்டே இருக்கும்.

லாரிக்காரர்களே பலர் கவனிக்காத ஒன்று ஐ.எம்.டி. 23. வணிக வாகனப் பாலிசியில் இந்த எண்ணுள்ள கூடுதல் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பானட்டின் பக்கப் பாகங்கள், டயர், அடிபட்ட இடத்துப் பெயிண்ட் இவற்றுக்கு, வண்டி முழுசாகப் போனால் ஒழிய, ஒரு பைசா வராது. முன்பக்கம் அடிபட்ட லாரியில் இவை தவிர வேறென்ன இருக்கிறது? கட்டியிருந்தாலும் அந்தச் சாமான்களில் பாதியை நாம்தான் ஏற்க வேண்டும். பாலிசி புதுப்பிக்கும்போது ஏஜெண்டு பிரீமியம் குறைத்துத் தருகிறேன் என்றால், எதை எடுத்துவிட்டுக் குறைத்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் இதைத்தான் எடுத்திருப்பார்.

ரிப்பேர் செலவு பாலிசியில் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுசாகப் போயிற்று என்று எழுதிவிடுவார்கள். பழைய வண்டி என்றால் அந்த மதிப்பு ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும். பைனான்ஸ் பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால், வண்டியே இல்லாமல் டியூ கட்டுகிற நிலை. எங்களூரில் அப்படித் தொழிலை விட்டவர்கள் உண்டு.

"இடித்தவனிடம் வாங்க வேண்டியதுதானே" என்று கேட்கலாம். சட்டப்படி முடியும். ஆனால் அதற்குத் தீர்ப்பாயம் போய் வருடக் கணக்கில் அலைய வேண்டும். அதனால் தப்பு யாருடையது என்றாலும் எல்லோரும் சொந்த பாலிசியில்தான் கிளைம் போடுகிறோம். கிளைம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற நோ கிளைம் போனஸ் தள்ளுபடியும் அடுத்த வருடம் போய்விடும். வண்டி நிற்கிற நாட்களின் வாடகை, டியூ, டிரைவரின் வீட்டுச் செலவு, இவற்றுக்குப் பாலிசியில் இடமே இல்லை. என் கணக்கில் பட்டறை பில்லைவிட இந்தக் கணக்குதான் ஆளை உட்கார வைக்கும்.

இவ்வளவும் எதை மிச்சம் பிடிக்க? அந்த இறக்கம் சுமார் எட்டு கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தாலும், ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் இறங்கினால்கூட மிச்சம் இரண்டு லிட்டர். இருநூறு ரூபாய்க்குள். அதுவும் உண்மையான மிச்சம் இல்லை. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் தானாகவே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். பிஎஸ் 4, பிஎஸ் 6 என்கிற புதிய புகை விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதை டிரைவரிடம் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

சொன்னால் மட்டும் போதாது, ஏனென்றால் அந்த டிரைவர் ஏன் நியூட்ரல் போடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பல ஓனர்கள் இவ்வளவு கிலோமீட்டருக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு வைத்து, அதற்கு மேல் போனால் பேட்டாவில் பிடிக்கிறார்கள். மிச்சமானால் அவருக்கே. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துவிட்டு, "டிரைவர் கவனக்குறைவு" என்று எழுதுவது நியாயமே இல்லை. அப்பா காலத்திலேயே எங்கள் வண்டிகளுக்கு மலைப் பாதை ட்ரிப்பில் டீசல் பிடித்தம் கிடையாது. மற்றவர்களும் இதைச் செய்யலாம், பெரிய நஷ்டம் எதுவும் வராது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 30 கிலோமீட்டர் வேகத்துக்குப் பலகை, வேகம் பிடிக்கும் கேமரா, கீழ்க் கியரில் போகச் சொல்லி ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் வந்திருக்கின்றன. 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை போடுகிற திட்டமும் உண்டு. அது நல்ல தீர்வுதான், சாய்வைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஆனால் அது முடிகிறவரை, உச்சியில் எல்லா லோடு வண்டியும் நின்று பிரேக் பார்த்துவிட்டு இறங்குகிற கட்டாய நிறுத்தம் வேண்டும். பிரேக் போன வண்டி ஏறி நிற்க, மேல்நோக்கிய ஜல்லிப் பாதை ஒன்று வேண்டும். பல நாட்டு மலைப் பாதைகளில் இது சாதாரணம். ஒரு விபத்தில் நொறுங்குகிற வண்டிகளின் பில்லைக் கூட்டிப் பார்த்தால் இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது, உயிரைக் கணக்கில் சேர்க்காமலேயே.

கடைசியாக, காரில் அந்த வழி போகிறவர்களுக்கு. இறக்கத்தில் இரண்டு லாரிக்கு நடுவே போகாதீர்கள். முந்தவும் வேண்டாம், பெரிய இடைவெளி விட்டுப் பின்னால் போங்கள். பின்னால் விடாமல் ஹாரன் கேட்டால் அவர் அவசரப்படுகிறார் என்று கோபப்படாமல், உடனே வழி விட்டு ஒதுங்குங்கள். முன்னால் விபத்தாகி வண்டிகள் நின்றிருந்தால் உங்கள் காரையும் வரிசைக் கடைசியில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லுங்கள். லாரிக்காரர்கள் யாராவது படித்தால்: கருகல் நாற்றம் வந்ததுமே பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். டிரம் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும். அதுவாக ஆறட்டும். லோடு அரை மணி நேரம் லேட்டாகப் போய்ச் சேர்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.