சர்நேம் கட்டம் காலியாக இருந்தால்? – வெளிநாட்டுப் பயண ஆவணங்கள்: வாசகர் கேள்வி பதில்

பயண ஆவணங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பெயர்க் குழப்பம்தான் எல்லாவற்றுக்கும் தாய் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

என் மகனின் பாஸ்போர்ட்டில் ‘கிவன் நேம்’ இடத்தில் முருகேசன் என்று மட்டும் இருக்கிறது. ‘சர்நேம்’ (குடும்பப் பெயர்) காலி. ஆதாரில் எஸ். முருகேசன். விசிட் விசாவில் துபாய் போக டிக்கெட் போட்டால், சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, விழுப்புரம்

உங்கள் மகனுக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று டிக்கெட், மற்றொன்று விசா.

முதலில் விசா. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா, டூரிஸ்ட் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று சில நாட்களில் விளக்கமும் வந்தது. ஆகவே தந்தை பெயர் அச்சாகியிருக்கும் அந்தப் பக்கத்தையும் விசா விண்ணப்பத்துடன் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஏஜென்ட்டுகள் பலர் படம் உள்ள முதல் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்து டிக்கெட். சர்நேம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சில, கிவன் நேம் கட்டத்தில் எஃப்.என்.யு., அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று போடச் சொல்லும். பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டு, அவர்கள் சொன்னபடி போடுங்கள். கட்டம் நிரம்பட்டும் என்று பாஸ்போர்ட்டில் இல்லாத ‘எஸ்’ என்ற இனிஷியலைப் போட்டுவிடாதீர்கள். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் செக்-இன் கவுண்டரில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். ஓரெழுத்துப் பிழையைப் பல நிறுவனங்கள் திருத்தித் தரும். பெயரையே மாற்றக் கேட்டால் புது டிக்கெட்தான்.

பயணத்துக்கு இரண்டு மாதமாவது இருந்தால், சர்நேம் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுவதே நல்லது. இப்போது ஒட்டுப்போட்டுச் சமாளித்தாலும் நாளை வேலை விசா, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொரு இடத்திலும் இதே தலைவலி திரும்ப வரும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். அங்கே போனபின் எடுக்கும் அட்டைகள் பலவற்றிலும் அதுவே தொடரும்.

புதிய பாஸ்போர்ட்டுக்கான ‘ரீ-இஷ்யூ’ விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். தந்தை பெயர் சண்முகம் என்றால் சர்நேமில் சண்முகம், கிவன் நேமில் முருகேசன். சண்முகம் முருகேசன் என்று இரண்டையும் கிவன் நேமிலேயே சேர்த்து எழுதினால் சர்நேம் கட்டம் மறுபடியும் காலிதான். இப்படிச் செய்துவிட்டு வருந்துபவர்கள் ஏராளம். அந்நிய ஊரில் உங்கள் மகனை ‘மிஸ்டர் சண்முகம்’ என்று அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அது பழகிவிடும். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஒரு சர்நேம், பிள்ளைக்கு ஒரு சர்நேம், மனைவிக்கு வேறொன்று என்று இருப்பதால் குடியேற்ற அதிகாரிகள் யாரையும் தடுப்பதில்லை. திருமணமானதும் பெண்கள் பெயர் மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் படத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து சர்நேம், பிறகு அம்புமுனை போல இரண்டு குறிகள், அதன்பின் கிவன் நேம் இருக்கும். விமான நிலையக் கருவி படிப்பது இந்த வரியைத்தான். விசா, டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பெயரை இங்கிருந்து பார்த்து எழுதுங்கள். ஆதாரையோ மதிப்பெண் சான்றிதழையோ பார்த்து எழுதாதீர்கள். சண்முகம் என்பதை ஒன்றில் எஸ் எழுத்தோடு ஹெச் சேர்த்தும், இன்னொன்றில் வெறும் எஸ் எழுத்திலும் எழுதியிருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். என் பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதம் இருக்கிறது. பத்து நாள் பயணம்தானே, போதாதா?
– வாசகர், மன்னார்குடி

போதாது. சிங்கப்பூரில் நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது 6 மாத ஆயுள் இருக்க வேண்டும். மலேசியா, இந்தோனேசியா, அமீரகம் ஆகிய நாடுகளிலும் இதே 6 மாதக் கணக்குதான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் 3 மாதம் இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். உங்களைத் திருச்சியிலேயே விமான நிறுவன ஊழியர் நிறுத்திவிடுவார். ஆவணம் சரியில்லாதவரை ஏற்றிச் சென்றால் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு அந்த நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். தத்காலுக்குக் கூடுதலாக 2,000 ரூபாய். முகவரி மாறியிருந்தால் புதிய முகவரியையே கொடுங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும்போது பழைய வீட்டில் ஆளில்லை என்று எழுதிவிட்டால் பாஸ்போர்ட் அங்கேயே நின்றுவிடும். ஸ்பீட் போஸ்டில் வரும் உறையையும் உங்கள் கையில்தான் கொடுப்பார்கள்.

பழைய புத்தகத்தை ரத்து செய்து உங்களிடமே திருப்பித் தருவார்கள். தூக்கி எறியாதீர்கள். அதில் காலம் முடியாத அமெரிக்க விசா இருந்தால் பழையது, புதியது இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பயணிக்கலாம். ஆனால் சிங்கப்பூர் விசாவைப் புதிய எண் கையில் வந்தபிறகே போடுங்கள். பழைய எண்ணில் வாங்கிய இ-விசா புதிய புத்தகத்துக்குப் பொருந்தாது.

சிங்கப்பூருக்கு விசா தவிர ‘எஸ்.ஜி. அரைவல் கார்டு’ என்ற வருகைப் படிவமும் உண்டு. இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதே போன்ற படிவம்தான் மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி., தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டி.டி.ஏ.சி. இம்மூன்றும் முற்றிலும் இலவசம். கூகுளில் தேடும்போது மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடும். பணம் கேட்டாலே அது போலி என்று மூடிவிடுங்கள். கைக்குழந்தைக்கும் தனிப் படிவம் நிரப்ப வேண்டும்.

எட்டாவது வரைதான் படித்தேன். குவைத்தில் டிரைவர் வேலை. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருப்பதால் முதலில் விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். சரியா?
– வாசகர், பரமக்குடி

தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். அவர் சொல்லும் வழியில் போனால் உங்களுக்கான பாதுகாப்பு அத்தனையும் விமானம் ஏறும் முன்பே போய்விடும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்று அச்சாகும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போகும்போது, 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்கோ மகள் வீட்டுக்கோ போக இது தேவையில்லை. இந்த இடைவெளியைத்தான் ஏஜென்ட் பயன்படுத்தப் பார்க்கிறார்.

அனுமதி மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாக நடக்கிறது. உங்கள் வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளியின் விவரம் எல்லாம் அதில் பதிவாகும். ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, இந்தக் காப்பீடும் இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது பிடிபட்டால் குற்றவாளி நீங்கள்தான். சம்பளம் தராவிட்டால் எந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பீர்கள்?

ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம், ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள். உங்களுக்கு 50 வயது கடந்திருந்தாலோ, வருமான வரி கட்டுபவராக இருந்தாலோ, அதற்கான சான்று கொடுத்து இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

முக்திநாத் யாத்திரை போகிறோம். அம்மாவுக்கு 61 வயது. நேபாளத்துக்கு ஆதார் போதும் என்கிறார்கள்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

அம்மாவுக்குப் போதாது. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கே அந்தச் சலுகை. மற்றவர்கள் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை கொண்டுபோக வேண்டும். ஜெராக்ஸோ மொபைலில் உள்ள படமோ செல்லாது. வாக்காளர் அட்டை மங்கி முகம் தெரியாமல் இருந்தால் இப்போதே புது அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

மூன்று மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும்?
– வாசகி, அம்பத்தூர்

பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாக வேறு எதையும் ஏற்பதில்லை. அந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையில் பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம், அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். பிறப்பைப் பதிவு செய்த 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதே வேளையில் தாய், தந்தை பெயர்களின் எழுத்துகள் உங்கள் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள்.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஷர் டி’ உறுதிமொழி வேண்டும். 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு, வெள்ளைப் பின்னணியில் 4.5 × 3.5 செ.மீ. படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். வெள்ளை வேட்டி விரித்து அதில் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். தாங்கிப்பிடிக்கும் கை படத்தில் தெரியக் கூடாது. கட்டணம் 1,000 ரூபாய், 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் புது விண்ணப்பத்துக்கு அதில் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணித்தால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு வைத்திருங்கள். எல்லா நாடுகளும் கேட்பதில்லை. கேட்கும்போது இல்லாவிட்டால் நடு இரவில் கவுண்டரில் நின்று தவிக்க வேண்டியிருக்கும்.

நர்சிங் சான்றிதழுக்கு ‘அட்டெஸ்டேஷன்’ என்கிறார்கள், ‘அப்போஸ்டில்’ என்கிறார்கள். எது?
– வாசகி, நாகர்கோவில்

போகும் நாட்டைப் பொறுத்தது. ஒரு நாட்டின் சான்றிதழைத் தூதரக முத்திரை இல்லாமலே மற்ற நாடுகள் ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் நாடுகளும் அதில் உண்டு, சவுதி 2022இல் சேர்ந்தது. இவற்றுக்கு நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் வில்லை போதும். அமீரகம், குவைத், கத்தார் சேரவில்லை. அங்கே போகிறவர்கள் அமைச்சகத்தின் முத்திரைக்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும், இதுதான் அட்டெஸ்டேஷன். இரண்டுக்கும் முன்படி, மாநில அரசின் சரிபார்ப்பு.

சான்றிதழை லேமினேஷன் செய்திருந்தால் அங்கேயே சிக்கல். முத்திரை பிளாஸ்டிக்கின் மேல் நிற்காது, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிப்பதுதான் வழி, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இன்னும் லேமினேட் செய்யாதவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.

அப்பாவுக்கு மூட்டுவலி, தூக்கமின்மைக்கு மாத்திரைகள் உண்டு. துபாயில் இரண்டு மாதம் தங்கப்போகிறார். சீட்டு ஏதும் வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

கட்டாயம் வேண்டும். டிரமடால், கோடீன், பிரிகாபலின் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நரம்புவலிக்கு இங்கே சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரைகளில் பிரிகாபலின் அடிக்கடி இருக்கும். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் உள்ள மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள். இருந்தால் அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டாலும், மூலப்பெயர், அளவு, எத்தனை நாளைக்கு என்று ஆங்கிலத்தில் எழுதி மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட சீட்டு வேண்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, கைப்பையில் வையுங்கள்.

மருந்து பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். மகள் வீட்டுக்குக் குருமா மசாலா அரைத்துக் கொடுத்தனுப்பினால் அதில் கசகசா இருக்கக் கூடாது. அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் வருகிறது, எந்தச் சீட்டும் காப்பாற்றாது.

கென்யாவுக்கு அடுத்த வாரம் கிளம்புகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி இன்னும் போடவில்லை.
– வாசகர், கோவை

ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் நிறச் சான்றிதழ், போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். பயணத்தை அதற்கேற்பத் தள்ளிவையுங்கள். சான்று இல்லாமல் போய்த் திரும்பினால் இந்தியாவில் இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்பே கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணை எழுதுவார்கள், அங்கேயே ஒருமுறை சரிபார்த்து வாங்குங்கள். 2016 ஜூலை முதல் ஒரு தவணை ஆயுள் முழுக்கச் செல்லும், ஆகவே அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.