சுமையோடு சரிவில் இறங்க எந்த வண்டி நல்லது?

கேள்வி: எனக்கு 15 ஏக்கர் நிலம். மேல்பாதி சரிவு, கீழ்ப்பாதி களிமண். மழை பெய்தால் டிராக்டரே தடுமாறும். உரமூட்டை, வேலிக்கம்பம், மருந்து தெளிக்கத் தண்ணீர் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோக வேண்டும். ஏடிவி (பைக் போல ஏறி உட்கார்ந்து, கைப்பிடி பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி), யூடிவி, ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) பிக்கப் மூன்றையும் பார்த்துவிட்டேன், முடிவுக்கு வர முடியவில்லை. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நிலத்துக்கு யூடிவிதான் சரி. அதாவது இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுகிற, பின்னால் சுமைத்தொட்டி வைத்த வண்டி. சுமை, சரிவு, சேறு மூன்றும் உங்களுக்கு ஒன்றாக வருகின்றன. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை சிசி, எவ்வளவு மேடு ஏறும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, சுமையை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வண்டி சொன்னபடி கேட்கிறதா என்பதை. தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, தொட்டியின் எடை தனி. ஏடிவியின் பின் கேரியர் பலவற்றுக்கு இதுவே அதிகம். அதைவிட ஆபத்து பாதி காலியான தொட்டி. இறங்கும்போது தண்ணீர் முன்னால் பாயும், ஏறும்போது பின்னால் பாயும், திரும்பும்போது பக்கவாட்டில் அடிக்கும். பின்பக்கம் கனத்தால் முன்சக்கரம் லேசாகிவிடும். கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஏடிவியில் உட்கார்ந்திருப்பவர் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத்தான் சமநிலையைக் காப்பாற்றுகிறார். சுமை அதிகமானால் அந்தச் சாய்வு பலிக்காது. கவிழ்ந்தால் வண்டி நேராக ஆள் மேல்தான் விழும். இதற்காகவே ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கு விற்கும் புதிய ஏடிவிகளில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பி அமைப்பு இருந்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். யூடிவியில் கூண்டுக்கம்பியும் சீட் பெல்ட்டும் வண்டியோடேயே வருகின்றன. ஆனால் பெல்ட்டைப் போட்டால்தான் கூண்டுக்கு அர்த்தம். போடாதவர் கூண்டுக்கு வெளியே தூக்கியெறியப்பட்டு, அதே கம்பிக்கு அடியில் சிக்கிக்கொள்ளலாம். வேலைக்கு வருகிறவர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஆள் மட்டும் போய் வேலியைப் பார்த்து வர, ஆடுமாட்டைத் திருப்ப ஏடிவி அருமையான வண்டி. உங்கள் வேலை அதுவல்ல.

பிக்கப் நல்ல சுமை தூக்கும், தார்ச்சாலையிலும் ஓடும். ஆனால் அதன் எடையே ஒன்றரை டன்னைத் தாண்டும். ஈரக் களிமண்ணில் ஒருமுறை இறங்கினால், தடம் ஆழமாகி அடுத்த முறை வண்டியின் வயிறு தரையில் தட்டிவிடும். வயலுக்குள் போவதைவிடச் சாலையில் ஓடுவதுதான் அதிகம் என்றால் அதையே வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: பல பிக்கப்களில் ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஓடும் தூரம் வேறுவேறு. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரென்ஷியல் (வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்பு) இல்லாததால் கியர்கள் இறுகி அடிபடும்.

சரி, யூடிவியில் எதைப் பார்ப்பது? லோ கியர் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான யூடிவிகளில் இன்ஜினிலிருந்து ரப்பர் பெல்ட் வழியாகத்தான் சக்கரத்துக்கு விசை போகிறது. பாரத்தை ஹை கியரில் மெதுவாக இழுத்தால் பெல்ட் வழுக்கிச் சூடாகிக் கருகும். அடுத்து டிஃப் லாக், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் வசதி. அது இல்லாவிட்டால், ஒரு பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுழல, கெட்டித் தரையில் இருக்கும் இன்னொன்று சும்மா நிற்கும். பூட்டினால் இரண்டும் சேர்ந்து தள்ளும். சேற்றைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் திருப்பத்தில் மண்ணைப் பிய்த்தெடுக்கும்.

மூன்றாவது, இன்ஜின் பிரேக்கிங், அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியை மெதுவாக்குவது. பெல்ட் வண்டிகள் சில, ஆக்சிலரேட்டரை விட்டதும் சைக்கிள் போல உருண்டு ஓடும். வாங்குமுன் உங்கள் சரிவிலேயே, வழக்கமான சுமையை ஏற்றி, லோ கியரில் போட்டு, காலை எடுத்துப் பாருங்கள். வண்டி தானாக மெதுவானால் சரி. வேகம் எடுத்தால், முழுக்க முழுக்க பிரேக்கை நம்பி இறங்க வேண்டியிருக்கும். ஈரக் களிமண்ணில் பிரேக் போட்டால் சக்கரம் நிற்கும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அந்த மாடலே வேண்டாம்.

வண்டி பார்க்கப் போகுமுன் நிலத்தின் கேட்டையும் பயிர் வரிசை இடைவெளியையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். யூடிவிகள் பல ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கும். வரிசைக் கடைசியில் திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டயர் விஷயம் சுருக்கமாக: களிமண்ணுக்கு ஆழமான, இடைவெளி விட்ட பட்டன் (மேலே துருத்திய ரப்பர் கட்டி) உள்ள டயர் நல்லது, சேறு தானாக உதிரும். முள் இருந்தால் 6 பிளைக்கு (டயரின் உறுதியைக் காட்டும் எண்) குறைய வேண்டாம். இந்த டயர்களில் காற்று காரைவிட மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். கார் கேஜ் அந்த அளவைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் கேஜ் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.