டிசம்பர் வெயிலுக்கு ஏற்ற கிறிஸ்துமஸ் பிரவுனி: வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்துமஸ் பிரவுனி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. படத்தில் பார்த்தபடி அழகாக அலங்கரித்து வைக்கிறோம், தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் கோடைகாலமாயிற்றே, டர்பன் வெயிலில் சற்று நேரத்தில் எல்லாம் வழிந்துவிடுகிறது என்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே ஆர்டருக்கு பேக் செய்து கொடுக்கிறவள் நான். இங்கேயும் அதே வெயில், அதே ஈரக்காற்று. அதனால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, போன கிறிஸ்துமஸுக்கு பிரவுனி மேல் சாக்லேட் கனாஷ் ஊற்றி, பனி விழுந்த மாதிரி ஐசிங் சர்க்கரை தூவினேன். விருந்தாளிகள் வருவதற்குள் கனாஷ் உருகி ஓடிவிட்டது, சர்க்கரை காணாமலே போய்விட்டது. வேறு என்ன செய்யலாம்?
– ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். கனாஷில் கிரீமும் சேர்வதால் அது அதற்கு முன்பே இளகும். டிசம்பரில் ஓவனும் ஓடிக்கொண்டிருக்கும் சமையலறை 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஐசிங் சர்க்கரையோ பிரவுனியின் ஈரத்தையும் காற்றின் ஈரத்தையும் இழுத்துக் கரைந்துவிடும். நீங்கள் செய்ததில் பிழை எதுவும் இல்லை. அந்த அலங்காரம் குளிர்கால ஊர்களுக்காக யோசிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

வெயிலைத் தாங்கும் இனிப்பு நம் வீட்டிலேயே இருக்கிறதே! தீபாவளிக்கு நாம் செய்யும் பால்பவுடர் பர்ஃபிதான் அது. அதை பிரவுனி மேல் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் உருகாது, வழியாது. வெள்ளையாக விட்டால் பனி, பச்சை கலந்தால் மரம். என் கிறிஸ்துமஸ் ஆர்டர்களுக்கு இப்போதெல்லாம் இதைத்தான் செய்கிறேன்.

முதலில் பிரவுனி. 20 செ.மீ. சதுரத் தட்டில் பேக்கிங் காகிதம் போட்டுக்கொள்ளுங்கள். 150 கிராம் வெண்ணெயையும் 150 கிராம் டார்க் சாக்லேட்டையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, சற்று ஆறவிடுங்கள். 3 முட்டையையும் 220 கிராம் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும் வரை அடியுங்கள். உருக்கியதை அதில் ஊற்றி, ஒரு தேக்கரண்டி வெனிலா சேருங்கள். 90 கிராம் கேக் மாவு, 35 கிராம் கோகோ, அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் சலித்துப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம். 180 டிகிரியில், விசிறி ஓவன் என்றால் 160-இல், 25 நிமிடம். முழுக்க ஆற வேண்டும். முதல் நாள் இரவே செய்துவிடுவது நல்லது.

மறுநாள் பர்ஃபி. 250 கிராம் க்ளிம் பால்பவுடரில் டெஸர்ட் கிரீம் அரை டின் விட்டு விரலால் பிசறி, ஒரு மணி நேரம் வைத்து, மிக்ஸியில் உதிரியாகப் பொடித்துக்கொள்ளுங்கள். 200 கிராம் சர்க்கரையை 125 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஒரு கம்பிப் பாகு வந்ததும் இறக்கி, 50 கிராம் வெண்ணெய், ஏலக்காய்ப்பொடி, பொடித்த க்ளிம், ஒரு கைப்பிடி ஐசிங் சர்க்கரை எல்லாம் போட்டுக் கட்டி இல்லாமல் கிளறுங்கள். பச்சை வேண்டுமானால் நிறத்தை இப்போதே சேர்த்துவிடுங்கள். பாகு பதம் தாண்டினால் பர்ஃபி வெட்டும்போது உதிரும், பதம் குறைந்தால் கையில் ஒட்டும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

பிரவுனியின் மேல் ஏப்ரிகாட் ஜாமை லேசாகச் சூடாக்கி மெல்லத் தடவுங்கள். பர்ஃபி அதைப் பிடித்துக்கொள்ளும், வெட்டும்போது இரண்டும் தனித்தனியாகப் பிரியாது. ஏப்ரிகாட்டுக்கும் பிரவுனிக்கும் பழைய உறவு உண்டு. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது, பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துப்போக வசதியாக, பால்மர் ஹவுஸ் ஹோட்டலில் செய்யப்பட்டதுதான் முதல் பிரவுனி என்று அந்த ஹோட்டல் சொல்லிவருகிறது. அவர்கள் அதன் மேல் பூசியதும் ஏப்ரிகாட்தான்.

பர்ஃபியைப் பரப்பிய சூட்டோடு மேலே நொறுக்கிய பெப்பர்மிண்ட் கிரிஸ்ப் சாக்லேட்டோ, சீவிய பாதாமோ, பிஸ்தாவோ தூவி அழுத்திவிடுங்கள். கிறிஸ்துமஸ் மரமாக வெட்ட, சதுரத்தை நடுவில் இரண்டு பட்டையாக்கி, ஒவ்வொரு பட்டையையும் மேலும் கீழுமாக முக்கோணங்களாக வெட்டுங்கள். ஓரத்தில் மிஞ்சும் அரை முக்கோணங்கள் பிள்ளைகளுக்கு. அடிமரத்துக்கு வரிபோட்ட பெப்பர்மிண்ட் குச்சி செருகுவதானால் பரிமாறும் நேரத்தில் செருகுங்கள். முன்பே செருகினால் நம் காற்றில் பிசுபிசுத்து நிறம் இறங்கிவிடும்.

கேள்வி: குச்சி விட்டுப் பார்த்து, சுத்தமாக வந்த பிறகுதான் எடுக்கிறேன். ஆனாலும் பிரவுனி கேக் மாதிரி உலர்ந்துவிடுகிறது. மேலே பளபளப்பாக வெடித்த தோலும் வருவதில்லை.
– அம்லாஸி வாசகி

பதில்: குச்சி சுத்தமாக வந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். ஈரமான துணுக்குகள் ஒட்டி வர வேண்டும், பச்சை மாவு ஒட்டக்கூடாது. ஓரம் இறுகி, தட்டை ஆட்டினால் நடு மட்டும் லேசாக அசையும்போது வெளியே எடுங்கள். மிச்சம் தட்டின் சூட்டிலேயே வெந்துவிடும்.

அந்தத் தோல் முட்டையில் கரைந்த சர்க்கரையால் வருவது. சிறு மணியான சர்க்கரையாக எடுத்து, முட்டையோடு நன்றாக அடியுங்கள். உருக்கிய வெண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சேருங்கள்.

கேள்வி: கல்யாணமாகி டர்பனிலிருந்து லெனேஷியா வந்தேன். அம்மா சொல்லிக்கொடுத்த அதே பிரவுனி, அதே அளவு. அம்மா சேர்ப்பதுபோல் பேக்கிங் பவுடரும் சேர்க்கிறேன். இங்கே குபுக்கென்று உப்பி நடுவில் குழி விழுகிறது. ஓவன் கெட்டுப்போனதா?
– லெனேஷியா வாசகி

பதில்: ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது. ஊர்தான் உயரத்தில் இருக்கிறது. டர்பன் கடலோரம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே, உங்கள் பக்கமும் அதை ஒட்டித்தான். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. மாவுக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் சீக்கிரம் பெரிதாகி, மாவு இறுகுவதற்குள் உடைந்துவிடும். தண்ணீரும் 94, 95 டிகிரியிலேயே கொதிப்பதால் ஈரம் வேகமாக ஆவியாகும்.

பேக்கிங் பவுடரை எடுத்துவிடுங்கள், பிரவுனிக்கு அது தேவையே இல்லை. சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள், பால் ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஓவனை 10 டிகிரி ஏற்றி வைத்து, வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். முட்டையை ரொம்ப நுரைக்க அடிக்க வேண்டாம். அம்மாவின் அளவைக் குறித்த காகிதத்திலேயே பக்கத்தில் லெனேஷியா அளவையும் எழுதி வையுங்கள். பின்னால் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

கேள்வி: மார்கழி மாதம் எங்கள் வீட்டில் முட்டை, கவிச்சி எதுவும் கிடையாது. பிள்ளைகளோ பள்ளித் தோழர்கள் வீட்டில் பார்த்துவிட்டு, மார்ஷ்மெல்லோ பனிமனிதன் வைத்த பிரவுனிதான் வேண்டும் என்கிறார்கள். செய்து கொடுக்கலாமா?
– டோங்காட் வாசகி

பதில்: செய்து கொடுங்கள், ஆனால் மார்ஷ்மெல்லோ வேண்டாம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது, பன்றியிலிருந்தும் எடுப்பார்கள். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று தெரியும், மாடு இல்லை என்று தெரியாது. விரதம் இருக்கிற வீட்டில் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடக்கூடாது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

பனிமனிதனைத் தேங்காயில் செய்யலாம். உலர் தேங்காய்த்தூள் 250 கிராம், அதை உருண்டை பிடிக்கும் அளவுக்குக் கண்டென்ஸ்டு மில்க். பெரிய உருண்டை ஒன்று, சின்ன உருண்டை ஒன்று, இரண்டையும் பல்குச்சியால் கோத்து, உலர் தேங்காய்த்தூளில் புரட்டி எடுங்கள். கண்ணுக்கும் பொத்தானுக்கும் உருக்கிய சாக்லேட் புள்ளிகள். சிறு துண்டில் ஆரஞ்சு நிறம் பிசைந்து மூக்கு. பிள்ளைகளையே உருட்டச் சொல்லுங்கள். சாப்பிடக் கொடுக்கும்போது மட்டும் பல்குச்சியை நீங்களே எடுத்துவிடுங்கள்.

முட்டையில்லாத பிரவுனிக்கு: 385 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், உருக்கிய வெண்ணெய் 100 கிராம், உருக்கிய டார்க் சாக்லேட் 100 கிராம், மாஸ் (புளிக்கவைத்த கெட்டிப் பால்) 100 மில்லி. மாஸ் இல்லையென்றால் வீட்டுத் தயிரைச் சற்று நீர்க்கக் கடைந்து விடலாம். கேக் மாவு 120 கிராம், கோகோ 30 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. தனியாகச் சர்க்கரை வேண்டாம். 170 டிகிரியில் 25 நிமிடம். இதற்கு வெடித்த தோல் வராது, அது முட்டை இருந்தால்தான் வரும். தேங்காய்த்தூள் தூவி மேலே பனிமனிதனை நிறுத்தினால் தோலை யாரும் தேடமாட்டார்கள்.

கேள்வி: ஆண்டி, வீடியோவில் பார்த்த குறிப்பில் ஒரு ஸ்டிக் பட்டர், ஓவன் 350 டிகிரி என்று இருக்கிறது. எங்கள் ஓவனில் 250-க்கு மேல் எண்ணே இல்லை. எனக்கு 14 வயது, முதல் தடவையாகச் செய்யப்போகிறேன்.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: கண்ணு, கேட்டது ரொம்ப நல்லதாயிற்று. அது அமெரிக்கக் கணக்கு. அவர்கள் சொல்லும் 350 ஃபாரன்ஹீட் நம் ஓவனில் 180. ஒரு ஸ்டிக் 113 கிராம், கடையில் வாங்கும் 500 கிராம் கட்டியில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அவர்களுடைய கப் சுமார் 237 மில்லி, நம்முடையது 250. சின்னத் தராசு ஒன்று வாங்கித் தரச்சொல்லி அம்மாவிடம் கேள், கப் குழப்பமே இருக்காது. சூடான தட்டை எடுக்கும்போது வீட்டில் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மாவு தயாரானதும் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? ஓவனுக்குள் இருக்கும்போது போனால்?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: பேக்கிங் பவுடர் வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அது சேராத மாவு காத்திருக்கும். தட்டில் ஊற்றி, மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். பச்சை முட்டை இருப்பதால் இந்த வெயிலில் மேசைமேல் விடாதீர்கள். மின்சாரம் வந்ததும் ஓவன் நன்றாகச் சூடான பிறகு வைத்து, ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சோடா சேர்த்த முட்டையில்லாத மாவு மட்டும் காத்திருக்காது.

உள்ளே இருக்கும்போது போனால் கதவைத் திறக்காதீர்கள். பதினைந்து நிமிடம் ஏற்கெனவே வெந்திருந்தால், ஓவனின் சூடே பெரும்பகுதியை முடித்துவிடும். மின்சாரம் வந்ததும் குச்சி விட்டுப் பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம் வேகவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வெனிலா காய் கிடைக்கிறது. எசன்ஸுக்குப் பதிலாக அதை பிரவுனியில் எப்படிச் சேர்ப்பது?
– ரீயூனியன், செந்த்ஆந்த்ரே வாசகர்

பதில்: கொடுத்து வைத்தவர் ஐயா நீங்கள். ஒரு காயை நீளவாக்கில் கீறி, உள்ளேயிருக்கும் கருப்பு விதையைக் கத்தியின் முதுகால் வழித்தெடுங்கள். விதையையும் தோலையும் வெண்ணெயோடு சேர்த்து மெல்லிய சூட்டில் உருக்கி, பத்து நிமிடம் மூடி வைத்துத் தோலை எடுத்துவிடுங்கள். வெனிலாவின் வாசம் கொழுப்பில் நன்றாக இறங்கும். தோலைத் துடைத்துக் காயவைத்துச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிட்டால் அந்தச் சர்க்கரையும் மணக்கும். கோகோ அதிகமானால் வெனிலா அமுங்கிவிடும், அதனால் வெள்ளைப் பர்ஃபி அடுக்கிலும் கொஞ்சம் விதை சேருங்கள்.

உலகம் முழுக்க இன்று வெனிலா கிடைப்பதற்கு உங்கள் தீவின் பையன் ஒருவன்தான் காரணம். அடிமையாகப் பிறந்த எட்மண்ட் அல்பியஸ் 1841-ல், 12 வயதில், மெல்லிய குச்சியையும் கட்டைவிரலையும் கொண்டு வெனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் கண்டுபிடித்தான். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20. அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறீர்கள், அடுத்த ஐந்தாம் நாள் கிறிஸ்துமஸ். அந்த வாரத்தில் வெனிலா பிரவுனி செய்யும்போது அவன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு நாங்கள் பலகாரத் தட்டு அனுப்புகிறோம், பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் பெருநாளுக்கு எங்களுக்கு அனுப்புகிறது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் செய்யும் பிரவுனியையும் அவர்களுக்குக் கொடுக்க ஆசை. எதைப் பார்க்க வேண்டும்? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?
– இசிபிங்கோ வாசகி, கிறிஸ்தவக் குடும்பம்

பதில்: ரம், பிராந்தி சேர்க்காதீர்கள். வெனிலா எசன்ஸிலும் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு, அது இல்லாததாக வாங்குங்கள். சாக்லேட், வண்ண மிட்டாய் எல்லாவற்றிலும் ஹலால் முத்திரை பாருங்கள். அவர்களுக்கென்று தனித் தட்டில் செய்து, என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி மேலே வைத்துவிடுங்கள். பாதாம், பிஸ்தா ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தாலும் அந்தச் சீட்டு உதவும்.

அலங்காரம் இல்லாத பிரவுனி காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாள் இருக்கும். பர்ஃபி பரப்பியதை வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்காமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், கொடுப்பதற்கு அரைமணி முன் வெளியே எடுங்கள். அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் பேக்கிங் காகிதம் போடுங்கள். தூரமாகக் கொண்டுபோவதானால் காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள், காலடியில் நிழலான இடத்தில் வையுங்கள்.